'அவ்வினைக்கு இவ்வினை': அம்மா பாடுவதை நிறுத்திவிட்டார். இந்தப் பதிகம் உண்மையில் என்ன சொல்கிறது?

சங்ககிரிக்காரி (செவ்வாய், இரவு 11.20)

எல்லோருக்கும் வணக்கமுங்க. திருமுறை படித்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

அம்மாவுக்கு 67 வயது. இரைப்பையில் புற்றுநோய். கோயமுத்தூரில் காட்டினோம். இனி வீட்டிலேயே வைத்து வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒன்றரை மாதமாக வீட்டில்தான் இருக்கிறார். பகலில் இரண்டு மடக்குக் கஞ்சி, கொஞ்சம் இளநீர். ராத்திரி தூக்கம் கிடையாது.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அம்மா திருநீலகண்டப் பதிகத்தை விட்டதில்லை. வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் நெற்றியில் திருநீறு பூசி, 'அவ்வினைக்கு இவ்வினை' பாடிவிட்டுத்தான் மாத்திரையைக் கையில் கொடுப்பார். படுத்த பிறகும் சன்னமாகப் பாடிக்கொண்டுதான் இருந்தார்.

போன வாரம் அத்தை ஒருவர் பார்க்க வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் போன பொறப்புல செஞ்சது. நீயே தெனமும் பாடறயே, அவ்வினைக்கு இவ்வினைன்னு. அதுதான் இது" என்றார். கெட்ட எண்ணம் இல்லை, ஆறுதல் என்று நினைத்தே சொன்னார். அன்று ராத்திரியிலிருந்து அம்மா பாடவில்லை. நேற்று என்னிடம், "நான் யாருக்கு என்ன கண்ணு பண்ணுனேன்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

அந்தப் பாட்டு அப்படித்தான் சொல்கிறதா? செய்த பாவத்துக்கு வந்த நோய் என்றுதான் அர்த்தமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எனக்கு இலக்கணம் தெரியாது, மனப்பாடம் மட்டும்தான்.

செங்கோட்டான் (புதன், காலை 6.05)

அக்கா, அம்மாவுக்காக இன்றைக்கு மலைக்குப் போய் அர்த்தநாரீஸ்வரரிடம் வேண்டிக்கொள்கிறேன். அந்தப் பதிகம் பிறந்த ஊர் எங்கள் திருச்செங்கோடு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தக் காலத்தில் கொடிமாடச்செங்குன்றூர் என்று பெயர். பதிகத்தைப் பாடிய சம்பந்தர் திருநணா, அதாவது இன்றைய பவானி போய்விட்டு, திரும்ப இங்கே வந்து தங்கியிருக்கிறார். குளிர்காலம். கூட வந்த அடியார்களுக்குக் குளிர்காய்ச்சல் கண்டுவிட்டது. அப்போது பாடியதுதான் இது. பாடியதும் காய்ச்சல் விட்டது என்பது கதை.

பொருளை வாத்தியார் ஐயா சொல்வார். நான் கதையை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

பவானி வாத்தியார் (புதன், காலை 9.30)

அம்மிணி, முப்பது வருடம் தமிழ் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் அத்தை முதல் இரண்டு சொல்லோடு நின்றுவிட்டார். பாட்டு அங்கே நிற்கவில்லை.

*அவ்வினைக் கிவ்வினை யாமென்று சொல்லும் அஃதறிவீர்*
*உய்வினை நாடா திருப்பதும் உந்தமக் கூனமன்றே*
*கைவினை செய்தெம் பிரான்கழல் போற்றுதும் நாமடியோம்*
*செய்வினை வந்தெமைத் தீண்டப்பெறா திருநீலகண்டம்*

அந்த வினைக்கு இந்தப் பலன் என்று ஊரில் சொல்கிற பேச்சு இருக்கிறதே, அது உங்களுக்குத் தெரியும். தெரிந்து வைத்துக்கொண்டு, பிழைக்கும் வழியைத் தேடாமல் சும்மா இருக்கிறீர்களே, அது உங்களுக்குக் குறை அல்லவா? இதுதான் முதல் இரண்டு அடி. 'அன்றே' என்பதை 'அன்று' என்று படித்து, 'குறை இல்லை' என்று தலைகீழாகப் பொருள் சொல்பவர்கள் உண்டு. இங்கே அது 'அல்லவா' என்று கேட்கிற ஏகாரம்.

ஆக, 'அவ்வினைக்கு இவ்வினை' என்பது சம்பந்தர் தம் வாயால் சொல்கிற தீர்ப்பு அல்ல. ஊரார் சொல்வதை எடுத்து வைத்து அதற்கு மறுமொழி சொல்கிறார். அந்த வரியைக் கொண்டுபோய்ப் படுத்திருப்பவர் தலைமாட்டில் வைப்பது, பாட்டு யாரைக் கண்டிக்கிறதோ அவர் பக்கம் போய் நிற்பது.

'கைவினை' என்றால் கையால் செய்கிற தொண்டு. பூப்பறிப்பது, கோயில் வேலை. உங்கள் அம்மா திருநீறு பூசி மாத்திரை கொடுத்தாரே, அதையும் நான் கைவினையில்தான் சேர்ப்பேன்.

தறிநாடா (புதன், காலை 10.15)

எங்கள் பக்கம் இந்தப் பாட்டை ஏவல், பில்லிசூனியத்துக்குப் படிக்கிறார்கள். 'செய்வினை தீண்டப்பெறா' என்று வருகிறதே, யாரோ வைத்த செய்வினை நம்மைத் தொடாது என்றுதான் என் மாமியார் சொல்லிக்கொடுத்தார். பூசாரிகளும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

பவானி வாத்தியார் (புதன், காலை 10.50)

செய்வினை என்ற சொல்லுக்கு அந்தப் பொருள் பின்னால் ஏறியது. இங்கே, நாம் செய்த வினை, அவ்வளவுதான். பயத்தில் இருப்பவர்களிடம் 'யாரோ வைத்துவிட்டார்கள்' என்று சொல்லி எலுமிச்சம்பழத்துக்கும் தகட்டுக்கும் காசு பிடுங்குவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இந்தப் பதிகத்தை அதற்குக் கருவியாக்குவது எனக்கு மிகவும் வருத்தம்.

சித்தாந்த மாணவன் (புதன், மதியம் 1.40)

வாத்தியார் ஐயா மேல் மரியாதையோடு ஒரு மறுப்பு. முதல் வரியைச் சம்பந்தர் மறுக்கவில்லை. 'அஃதறிவீர்' என்றுதான் சொல்கிறார். 'அது பொய்' என்று சொல்லவில்லை. சைவ சித்தாந்தத்தில் சஞ்சிதம் (சேர்ந்து கிடப்பது), பிராரத்தம் (இப்போது அனுபவிப்பது), ஆகாமியம் (இனிச் சேர்வது) என்று வினை மூன்று. எடுத்த உடம்போடு வந்த பிராரத்தத்தை உடம்பு அனுபவித்துத்தான் கழிக்க வேண்டும். அருளாளர்களுக்கும் உடம்புக்கு வருவது வருகிறது. வினையே இல்லை என்று பொருள் சொன்னால் பதிகம் ஆறுதலாகத் தெரியலாம், ஆனால் அது சைவம் ஆகாது. சகோதரியின் அத்தை சொன்னது தவறான இடத்தில் சொன்ன சரியான கருத்து என்றே எனக்குப் படுகிறது.

வார்டு எண் 4 (புதன், இரவு 8.10)

நான் செவிலியர். டூட்டி முடிந்து வந்து படித்தேன். கருத்து சரியா தவறா என்பது இருக்கட்டும். படுக்கையில் இருப்பவருக்கு அந்தச் சொல் என்ன செய்கிறது என்று தினமும் பார்க்கிறேன். குற்றவுணர்ச்சி வந்துவிட்டால் வலியைக்கூட வெளியில் சொல்ல மாட்டார்கள், 'அனுபவிக்க வேண்டியதுதானே' என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார்கள். ஒரு பாட்டி மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார், வலியைத் தாங்கினால் கணக்குத் தீரும் என்று.

இரைப்பைப் புற்றுநோய்க்கு ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியா ஒரு பெரிய காரணம். உலகத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் வயிற்றில் அது இருந்திருக்கிறது. பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை, சிலருக்கு இப்படி ஆகிவிடுகிறது. உங்கள் அம்மா யாருக்கும் ஒன்றும் செய்யவில்லை, அதை அவரிடம் நேராகச் சொல்லுங்கள் அக்கா.

இன்னொன்று. மார்பின் மாத்திரை கொடுத்திருந்தால், வலி வந்த பிறகு கொடுக்காதீர்கள். டாக்டர் சொன்ன மணிக்கணக்கில், வலி இல்லாவிட்டாலும் கொடுக்க வேண்டும். ராத்திரித் தூக்கம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள், அளவு போதவில்லையா என்று நாளைக்கே டாக்டரிடம் கேளுங்கள். மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்து மருந்து கேளுங்கள்.

சங்ககிரிக்காரி (புதன், இரவு 10.30)

அம்மா மாத்திரை வேண்டாம் என்று சொல்வது இந்த ஒரு வாரமாகத்தான். இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. காலையில் முதல் வேலையாக டாக்டருக்குப் போன் பண்ணுகிறேன். நன்றி தங்கச்சி.

செங்கோட்டான் (வியாழன், காலை 7.00)

மலைக்குப் போய்விட்டு இறங்கும்போது ஒன்று தோன்றியது. எங்கள் மலைப்படியில் அறுபதாம் படி என்று ஒரு இடம் உண்டு. கொடுக்கல் வாங்கல் தகராறு, பங்காளிச் சண்டை எது வந்தாலும் அந்தக் காலத்தில் அந்தப் படியில் நின்று சத்தியம் செய்துதான் தீர்த்துக்கொள்வார்களாம். சத்தியம் செய்துவிட்டால் மறுபேச்சு கிடையாது என்று எங்கள் அப்பாரு சொல்வார்.

இந்தப் பதிகத்தில் கடைசிப் பாட்டைத் தவிர ஒவ்வொரு பாட்டும் 'திருநீலகண்டம்' என்று முடிவதும் அப்படி ஒரு ஆணைதானே? 'எங்களைத் தொடக்கூடாது, திருநீலகண்டத்தின் மேல் ஆணை.' வேண்டுதல் மாதிரி இல்லை, படியில் நின்று சொல்கிற மாதிரி இருக்கிறது. வாத்தியார் ஐயா சரியா என்று சொல்லுங்கள்.

பவானி வாத்தியார் (வியாழன், காலை 11.15)

சரியாகப் பிடித்தீர்கள் தம்பி. அதிலிருந்தே நான் சொல்ல வேண்டியது தொடங்குகிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருநீலகண்டத்தின் பேரில் ஆணையிட்ட இன்னொரு இடம் பெரியபுராணத்தில் இருக்கிறது. தில்லையில் இருந்த குயவர், திருநீலகண்ட நாயனார். அவர் செய்த தவறு தெரிந்ததும் மனைவி சொல்கிறார்: 'தீண்டுவீ ராயின் எம்மைத் திருநீலகண்டம்.' அதே 'தீண்டு', அதே 'எம்மை', அதே ஆணை. கணவர் அதை எப்படி எடுத்துக்கொண்டார் தெரியுமா? 'என்னை' என்று அந்த அம்மாள் சொல்லவில்லை, 'எம்மை' என்று பன்மையில் சொல்லிவிட்டாள், ஆகவே உலகத்தில் எந்தப் பெண்ணையும் மனத்தாலும் தீண்டமாட்டேன் என்று முடிவு செய்கிறார். 'எம்மை என்றதனால் மற்றை மாதரார் தமையும்' என்று சேக்கிழார் எழுதுகிறார். கோபத்தில் வந்த ஒரு பன்மை விகுதியை அவ்வளவு அகலமாகப் படித்த மனிதர் அவர்.

இப்போது சம்பந்தர் பாட்டுக்கு வாருங்கள். காய்ச்சல் அவருக்கு வரவில்லை, கூட இருந்தவர்களுக்கு வந்தது. 'இவர்களைத் தீண்டாதே' என்று அவர் பாடியிருக்கலாம். 'எமைத் தீண்டப்பெறா' என்று பாடினார். 'நாம் அடியோம்' என்று சேர்ந்து படுத்துக்கொண்டார். நோயாளியைத் தனியாக ஒதுக்கி, நீ செய்தது உனக்கு என்று சொல்கிற பேச்சுக்கு நேர் எதிர் இது. சேக்கிழாரும் இதை அப்படித்தான் படித்திருக்கிறார். அடியார்களுக்கு மட்டுமல்ல, அந்த நாட்டுக்கே அந்த நோய் தீர்ந்தது என்கிறார்.

அப்புறம், சித்தாந்த மாணவர் கவனிக்க வேண்டியது ஒன்று. நோய்க்குச் சேக்கிழார் சம்பந்தர் வாயால் என்ன காரணம் சொல்கிறார்? 'இந்நிலத்தின் இயல்பெனினும்'. இந்த நிலத்தின் தன்மை, குளிர்காலத்து நோய். அடியார்கள் போன பிறவியில் என்ன செய்தார்கள் என்று அவர் கணக்கெடுக்கவில்லை. வினை என்ற கொள்கையை நானும் மறுக்கவில்லை. பக்கத்தில் படுத்திருப்பவரின் வினை இன்னது என்று சுட்டுகிற உரிமை நமக்கு உண்டா என்றுதான் கேட்கிறேன்.

பதிகம் முழுக்கப் பாருங்கள். திட்டு பெரும்பாலும் வினைக்குத்தான் விழுகிறது. 'சிறப்பிலித் தீவினை', 'திருவிலித் தீவினை' என்கிறார். ஒரு சிறப்பும் இல்லாததே, லட்சணம் கெட்டதே என்று நம் வீட்டுப் பெண்கள் காக்கையை விரட்டுகிற மாதிரி விரட்டுகிறார். நோயாளியை ஒரு சொல் சொல்லவில்லை.

சித்தாந்த மாணவன் (வியாழன், மதியம் 2.20)

'இந்நிலத்தின் இயல்பு' என்ற தொடரை எத்தனையோ முறை படித்திருக்கிறேன், இந்தக் கோணத்தில் யோசித்ததில்லை ஐயா. கொள்கையில் என் நிலை மாறவில்லை. ஆனால் 'சரியான கருத்து' என்று நான் எழுதியது அந்த அம்மாவின் தலைமாட்டில் நின்று சொல்லக்கூடியது அல்ல. சகோதரி மன்னிக்க வேண்டும்.

புக்கொளியூர் அம்மா (வியாழன், மாலை 5.45)

நான் அவிநாசி. எங்கள் ஊர்ப் பதிகத்தில் சுந்தரர், 'கரைக்கால் முதலையைப் பிள்ளை தரச்சொல்லு காலனையே' என்று பாடி, முதலை விழுங்கிய பையனைத் திரும்ப வாங்கினார். எனக்கு 9 வயதில் ஒரு பையன் இருந்தான். மூளைக்காய்ச்சலில் போய்விட்டான். 14 வருடமாகிறது. கோயில் குளத்தங்கரையில் நின்று அந்த வரியை நானும் பாடினேன். எனக்குக் கொடுக்கவில்லை.

அதனால் பாடினால் தீரும் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் அதை அம்மாவிடம் கொண்டுபோகாதீர்கள். தீராவிட்டால், என் பக்தி போதவில்லையோ என்று இன்னொரு பாரம் ஏறும். நான் அதைப் பல வருடம் சுமந்தேன்.

ஆனால் பாடுவதை நான் விடவில்லை. உங்கள் பதிகத்தில் ஐந்தாம் பாட்டு எனக்கு உயிர். *'கிற்றெமை ஆட்கொண்டு கேளா தொழிவதுந் தன்மைகொல்லோ.'* எங்களை ஆளாக்கிக்கொண்டுவிட்டு, இப்போது கேட்காமல் இருக்கிறாயே, இது உனக்கு நியாயமா? ஞானசம்பந்தரே இப்படிக் கேட்டிருக்கிறார். அவர் கேட்கலாம் என்றால் நானும் கேட்கலாம். மற்றவர்கள் எல்லாம் என்னை அழாதே என்றார்கள், இந்த வரி மட்டும்தான் என்னோடு சேர்ந்து சண்டை போட்டது.

அம்மாவுக்கு இந்தப் பாட்டைப் பாடிக்காட்டுங்கள்.

நொய்யல்கரை (வியாழன், இரவு 9.00)

மேலே அம்மா எழுதியதைப் படித்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒன்று மட்டும் சேர்க்கத் தோன்றுகிறது. பாட்டில் 'தீரும்' என்ற சொல் இல்லை, 'தீண்டப்பெறா' என்றுதான் இருக்கிறது. நீலகண்டம் என்பதும் அப்படித்தான். விஷத்தைச் சிவன் துப்பவும் இல்லை, விழுங்கவும் இல்லை. அது கழுத்திலேயே இன்னும் இருக்கிறது, உள்ளே இறங்கவில்லை, அவ்வளவுதான். நோய் உடம்பில் இருக்கிறது. அது உள்ளே இறங்கி, 'நான் யாருக்கு என்ன பண்ணினேன்' என்று கேட்கவைக்கிறதே, அங்கே வராதே என்றுதான் ஆணை என்று நான் எடுத்துக்கொள்கிறேன். இலக்கணம் தெரிந்து சொல்லவில்லை, என் அப்பா டயாலிசிஸில் இருந்த 4 வருடத்தில் எனக்குப் பிடிபட்டது இது.

பவானி வாத்தியார் (வியாழன், இரவு 9.40)

இலக்கணமும் உங்கள் பக்கம்தான். 'தீண்டா' என்றால் தொடாது. 'தீண்டப்பெறா' என்றால் தொடுகிற உரிமையைப் பெறாது. கிட்டத்தில் வந்து நிற்கலாம், ஆனால் தொட அதற்கு அதிகாரம் இல்லை.

கொடுமுடி ஆத்துக்காரன் (வெள்ளி, காலை 6.30)

தலைப்புக்குக் கொஞ்சம் விலகிப் போகிறேன். எங்கள் அப்பாவுக்கு ஞாபகம் முழுதும் போய்விட்டது. என் பெயர் தெரியாது, அம்மா இறந்தது தெரியாது. சாயங்காலம் கோயிலில் இருந்து ஒலிபெருக்கியில் 'மற்றுப் பற்றெனக்கின்றி' கேட்டால் மட்டும் நாலாவது அடியைச் சேர்ந்து சொல்கிறார். *'நற்றவா உனை நான்மறக்கினும் சொல்லும் நா நமச்சிவாயவே.'* நான் மறந்தாலும் நாக்குச் சொல்லும் என்று சுந்தரர் எங்கள் ஊரில்தான் பாடினார். மறக்கவே மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை, மறந்துபோவேன் என்று ஒப்புக்கொண்டு பாடினார்.

அக்கா, உங்கள் அம்மா வாயால் பாடாவிட்டால் பரவாயில்லை. 40 வருடம் பாடிய நாக்கு. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாடுங்கள்.

சங்ககிரிக்காரி (ஞாயிறு, இரவு 10.10)

டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டிவிட்டார். இரண்டு ராத்திரியாக மூன்று நான்கு மணி நேரம் தூங்குகிறார்.

வெள்ளிக்கிழமை மதியம் இங்கே எழுதியதை எல்லாம் அம்மாவுக்குப் படித்துக்காட்டினேன். 'அன்றே' என்பதற்கு வாத்தியார் ஐயா சொன்னதை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். அப்புறம், "அப்ப அது சாமி எங்களைத் திட்டறதில்லையா?" என்று கேட்டார். இல்லை அம்மா, வினையைத்தான் திட்டுகிறார் என்றேன். அவிநாசி அம்மா எழுதியதைப் படித்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பையன் பெயர் என்ன என்று கேட்டார். நீங்கள் எழுதியிருக்கவில்லை. 'அந்தக் கொழந்தைக்கும் சேத்து' என்று சொல்லி ஐந்தாம் பாட்டை அவரே பாடினார். குரல் இல்லை, மூச்சுதான் வந்தது.

அம்மா ஆறாம் பாட்டு முடிந்ததும் எப்போதும் கொஞ்சம் நிறுத்துவார். மறந்துவிட்டாரோ என்று நினைப்பேன். ஏன் என்று இப்போது கேட்டேன். ஏழாம் பாட்டு கிடைக்காமல் போய்விட்டது, அதற்கு இடம் விட வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்த பாட்டி சொன்னாராம்.

பவானி வாத்தியார் (ஞாயிறு, இரவு 10.35)

ஆமாம் அம்மிணி, அச்சுப் புத்தகத்திலும் ஏழாம் பாட்டு இல்லை. இடம் விட்டுப் பாடுகிற வழக்கத்தை நான் இதுவரை கேட்டதில்லை. இனி நானும் விடுவேன்.

புக்கொளியூர் அம்மா (திங்கள், காலை 5.20)

அவனை வீட்டில் சின்னுன்னுதான் கூப்பிடுவோம். அம்மாவிடம் சொல்லுங்கள்.

சங்ககிரிக்காரி (இரண்டு வாரம் கழித்து, வியாழன், இரவு 9.15)

அம்மா போன சனிக்கிழமை விடியற்காலையில் போய்விட்டார். கடைசி இரண்டு நாள் வலி இருந்தது, அதை மறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் வலி என்று வாய்விட்டுச் சொன்னார், மாத்திரை கேட்டு வாங்கிக்கொண்டார். முன்னைப் போலப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ராத்திரி நானும் பக்கத்து வீட்டு அக்காவும் பாடினோம். 'திருநீலகண்டம்' வரும்போது மட்டும் உதடு அசைந்தது. ஆறாம் பாட்டுக்கு அப்புறம் இடம் விட்டோம். அதற்குப் பிறகு அசையவில்லை. மூச்சு விடியும் வரை இருந்தது. சின்னு பெயரை முதல் வாரமே அம்மாவிடம் சொல்லிவிட்டேன் அம்மா.

எழவுக்கு அத்தை வந்திருந்தார். அவர் சொன்னது எனக்கு இன்னும் மறக்கவில்லை, ஆனால் அன்று வேறு யாரையும் விட அதிகமாக அழுததும் அவர்தான். சாம்பலைப் பவானி கூடுதுறையில் கரைத்துவிட்டு வந்த அன்று, முதல் பாட்டின் பொருளை வாத்தியார் ஐயா சொன்னபடியே அவரிடம் சொன்னேன். "நான் அப்படிப் படிக்கலியே கண்ணு" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கருமாதி. பாடுவதற்கு ஆறு பெண்கள் வருகிறார்கள். அத்தையும் வருகிறேன் என்றார். முதல் பாட்டை அவரிடமே கொடுத்திருக்கிறேன். புத்தகத்தில் பண் வியாழக்குறிஞ்சி என்று போட்டிருக்கிறது, அம்மா பாடிய மெட்டு அது இல்லை. நாங்கள் அம்மா மெட்டிலேயே பாடிக்கொள்கிறோம் ஐயா.